சுண்டலுக்கும் ஒரு டிக்கெட்

ஆதம்பாக்கம், சென்னை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தேன்மொழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் நலம். அம்மாவுக்கு முட்டிவலி வழக்கம்போல. மாப்பிள்ளை டெக்சஸ் போய் வேலையில் சேர்ந்துவிட்டதாக நேற்று பேசினார். காரை அவர் எடுத்துப்போனதும் சரிதான், அந்தப் பக்கம் கார் இல்லாமல் பால் வாங்கக்கூடப் போக முடியாதாமே.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் நாய் சுண்டலுக்குப் பின்னங்கால் முட்டி போய்விட்டது, வாராவாரம் டாக்டரிடம் காட்டணும், சான் பிரான்சிஸ்கோவில் உங்கள் வீடு இருக்கிற நோ வேலியிலிருந்து அந்த மேட்டைத் தாண்டி டிவிசடெரோ தெரு வரைக்கும் நாயை வைத்துக்கொண்டு பஸ்ஸில் எப்படிப் போவது, மாப்பிள்ளை திரும்பும்வரை யார் வீட்டிலாவது விட்டுவைக்கலாமா என்றாய். அம்மா 'விட்டுடு'ன்னுதான் சொல்லுவாள் என்று நீ நினைத்திருப்பாய். போனை வைத்ததும் அவள் என்னிடம் சண்டைக்கு வந்தாள். "நொண்டிக் காலோட இருக்கிற பிள்ளைய எவன் வீட்லயோ விடப்போறாளாம், நீங்க கேட்டுக்கிட்டு சும்மா இருக்கீங்க" என்று. அதனால்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா சரிப்பா" என்பாய்.

அவனை எங்கேயும் விடாதே. பஸ் போதும். பல்லவனில் சேர்ந்து மாநகரப் போக்குவரத்துக் கழகத்தில் ரிடையர் ஆன கண்டக்டர் சொல்கிறேன். போன வருஷம் அங்கே வந்திருந்தபோது நீங்கள் இரண்டு பேரும் ஆபீஸ் போன பிறகு உங்கள் ஊர் பஸ்ஸில் அவனைக் கூட்டிக்கொண்டு சுற்றியவனும் நான்தான்.

உங்கள் ஊர் டவுன் பஸ்ஸுக்கு முனி என்று பேர், அந்த முனி பஸ்ஸில் எனக்கு முதலில் பிடித்ததே நாய்க்கும் டிக்கெட் உண்டு என்பதுதான். நீ என்ன டிக்கெட் எடுக்கிறாயோ அதே காசு அவனுக்கும். நீ இதைக் கொள்ளை என்றாய். நான் அப்படிப் பார்க்கவில்லை. டிக்கெட் எடுத்தவனை இறங்கு என்று சொல்ல எந்த ஊரிலும் ஆள் கிடையாது. ஓசியில் வருகிறவனைத்தான் மூட்டை இடிக்குது, வாசனை வருது என்று நாலு பேர் பேசுவார்கள். சுண்டல் பேரில் ஒரு டிக்கெட் இருக்கட்டும், உன் முதுகு நிமிர்ந்து நிற்கும். அங்கே கண்டக்டர் இல்லையே ஒழிய செக்கிங் உண்டு. ஏறும்போதே போனில் இரண்டு டிக்கெட்டையும் போட்டு வைத்துவிடு. எடுத்த டிக்கெட் இரண்டு மணி நேரம் செல்லும். டாக்டர் சீக்கிரம் பார்த்து அனுப்பினால் அதே டிக்கெட்டில் திரும்பி வந்துவிடலாம். நம்ம ஊரில் இப்படி ஒரு வசதி இருந்திருந்தால் நானும் எத்தனையோ பேரிடம் பேச்சு வாங்காமல் இருந்திருப்பேன்.

நேரம்தான் முக்கியம். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 5 முதல் 9 வரை, சாயங்காலம் 3 முதல் 7 வரை நாயை ஏற்ற மாட்டார்கள். சனி ஞாயிறு அந்தத் தடை இல்லை. ஆகவே டாக்டரிடம் காலை பத்தரை, பதினொன்று என்று நேரம் வாங்கு. மத்தியானம் இரண்டு மணிக்கு வாங்கிவிட்டு, அங்கே ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிட்டால் ஏழு மணி வரைக்கும் தெருவில் நிற்க வேண்டியதுதான், அந்தக் குளிர்காற்றில். ஒரு பஸ்ஸில் ஒரு நாய்தான் என்பதும் ரூல். ஏற்கெனவே உள்ளே ஒன்று உட்கார்ந்திருந்தால் வாக்குவாதம் வேண்டாம், அடுத்த பஸ்ஸுக்கு நில். இதற்கும் சேர்த்து அரை மணி முன்னாலேயே கிளம்பு.

வாய்க்கூடை கட்டாயம். செயினும் கட்டாயம். நாம் ஊரில் களத்தில் நெல் போரடிக்கும்போது மாட்டுக்குப் போடுவோமே, அதே மாதிரி கூடையாகப் பின்னியது வாங்கு. துணியில் வாயை இறுக்கிக் கட்டுவது வேண்டாம், அதில் நாக்கை நீட்டி இரைக்க முடியாது, அவனுக்கு மூச்சே அதில்தான். பஸ் ஸ்டாப்பில் வைத்து முதல் தடவை மாட்டாதே. வீட்டில் கூடைக்குள் கொஞ்சம் சிக்கன் வைத்துக் காட்டு, அவனே மூக்கை விடுவான். சாப்பாட்டு விஷயத்தில் அவன் உன் சித்தப்பா மாதிரி, மானம் பார்க்க மாட்டான்.

இனி அந்த மேடு. உன் பயமே அதுதானே.

நம்ம ஊர்க்காரனுக்கு மேடு என்றால் கத்திப்பாரா பாலம். பரங்கிமலையே முந்நூறு அடிதான். லாம்டன் என்ற வெள்ளைக்காரர் 1802இல் நாட்டையே அளக்க ஆரம்பித்தபோது, முதல் அளவுக்கோடு ஒன்றை இந்தப் பரங்கிமலையிலிருந்துதான் ஏழரை மைல் நீளத்துக்கு இழுத்தார். சங்கிலி போட்டு அளக்கச் சமதரை வேண்டுமே, அதற்கு நம்ம ஊர் வாகாக இருந்திருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் வேலை பார்த்தவனுக்கு டிவிசடெரோ போகிற உங்கள் 24ஆம் நம்பர் பஸ் காஸ்ட்ரோ தெருவில் ஏறியபோது வயிற்றைக் கலக்கியது. பஸ் வானத்தைப் பார்த்து நிற்கிறது, டிரைவர் சாவகாசமாகக் காலை எடுத்து மிதிக்கிறார், வண்டி ஒரு அங்குலம் பின்னால் வரவில்லை. அப்புறம்தான் மேலே கம்பியைப் பார்த்தேன். அது டிராலி பஸ், கரண்டில் ஓடுகிறது. மின் மோட்டாருக்கு நின்ற இடத்திலேயே முழு இழுவை உண்டு. டீசல் வண்டி மாதிரி உறுமி, கியர் மாற்றி, கிளட்ச் வாசனை வரவேண்டியதில்லை. அந்த ஊரில் டிராலி பஸ்ஸை இன்னும் விடாமல் வைத்திருப்பதற்கு இந்த மேடுகளும் ஒரு காரணம். வண்டியை நம்பு என்று சொல்லத்தான் இவ்வளவும்.

நீ பார்க்க வேண்டியது உள்ளே இருக்கிற சரக்கை. நிற்கிற கூட்டம் மேட்டில் பின்னால் சரியும், இறக்கத்தில் முன்னால் சரியும். சுண்டலும் அப்படித்தான். அவன் முன்னால் பார்த்து நின்றால், ஏற்றத்தில் உடம்பு பாரம் முழுக்கப் பின்னங்காலுக்குப் போகும், அதுவும் அந்த வலிக்கிற காலுக்கு. நான் பார்த்திருக்கிறேன், கால் நல்லாயிருந்தபோதே அந்தத் தரையில் அவன் நகம் கிர்ரென்று வழுக்கும், நாலு விரலையும் விரித்து ஊன்றிப் பார்ப்பான், முடியாது, அப்படியே என் செருப்பு மேல் உட்கார்ந்துவிடுவான். இப்போது அதற்கு இடமே கொடுக்காதே. ஏறியதும் படுக்க வை. சீட்டுக்கு அடியில், பஸ்ஸின் நீளத்துக்குக் குறுக்காக, முதுகு உன் கணுக்காலில் அணைந்திருக்கட்டும். ஏற்றத்தில் உன் ஒரு கால் அவனுக்குப் பின்பக்கம் இருக்க வேண்டும். அந்தப் பக்கம் இறங்கும்போது முன்பக்கம் தள்ளும், அதற்கு மற்றக் காலை எடுத்து முன்னால் வைத்துக்கொள். கழுத்துப் பட்டையில் பிடிக்காதே. நெஞ்சில் மாட்டுகிறீர்களே ஹார்னஸ், அதன் முதுகுப் பிடியைப் பிடி. இரண்டு முழம் பாய்த்துண்டு ஒன்றும் மடித்து எடுத்துப் போ, வழுக்காது.

எங்கே உட்காருவது? முன்னால் வேண்டாம். அது வயசானவர்கள், சக்கர நாற்காலிக்காரர்கள் இடம். அவர்கள் வந்ததும் எழுந்திருக்க வேண்டும், நொண்டி நாயை ஓடுகிற வண்டியில் எழுப்புவது பாவம். கடைசி வரிசையும் வேண்டாம், படியேறணும், தூக்கிப் போடவும் போடும். பின்வாசலை ஒட்டி நடுவில் இருக்கிற சீட்தான் உனக்கு. எல்லா வாசலிலும் ஏறலாம் என்று 2012இல் விட்டுவிட்டார்கள், போனில் டிக்கெட் இருப்பதால் நேராகப் பின்வாசலிலேயே ஏறு. படி உயரமாக இருந்தால் முன்வாசலுக்குப் போய் டிரைவரைக் கேள், வண்டியின் முன்பக்கத்தைத் தாழ்த்திக் கொடுப்பார். அவர்களுக்கு அது ஒரு பட்டனை அழுத்துகிற வேலைதான், கேட்க நீ கூச்சப்படாதே.

ஒரு தரம் திருப்பத்தில் கரண்ட் எடுக்க வண்டி மேலே இருக்கிற கொம்பு கம்பியை விட்டுக் கழன்றுகொண்டது. படாரென்று ஒரு சத்தம், விளக்கு போச்சு, வண்டி நின்றது. டிரைவரம்மா ஒன்றும் பேசவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு இறங்கிப் பின்னால் போய், கயிற்றைப் பிடித்து இழுத்து அந்த நீளக் கொம்பை அண்ணாந்து பார்த்துக்கொண்டே கம்பியில் பொருத்தினார். எனக்குக் கை பரபரத்தது, இறங்கி ஒரு கை கொடுக்கலாமா என்று. இறங்கியிருந்தால் போலீஸைக் கூப்பிட்டிருப்பார்களோ என்னவோ. வண்டி நகர்ந்ததும் என்னையறியாமல் "ரைட், போலாம்" என்றேன், பக்கத்திலிருந்த சீனத்துப் பாட்டி சிரித்தார். சுண்டல் அந்தச் சத்தத்துக்கு நடுங்கினான், ஆனால் எழுந்திருக்கவில்லை. நாம் பதறாமல் உட்கார்ந்திருந்தால் அவனும் உட்கார்ந்திருப்பான். அந்த மாதிரி நேரத்தில் அவனைக் கொஞ்ச ஆரம்பித்தால்தான் ஏதோ ஆபத்து என்று நினைப்பான்.

ஜே சர்ச் ரயில் வீட்டுப் பக்கத்திலேயே போகிறதே என்பாய். கால் சரியாகும்வரை அது வேண்டாம். தெருவில் நிற்கும்போது படியேறணும். சுரங்கத்துக்குள் போவதற்கு முன் அந்தப் படிகளே மேலே எழும்பித் தரையாகிவிடும், அதைக் கண்டால் அவனுக்கு ஆகாது. ஊருக்கு ஊர் போகிற பார்ட் ரயில் பேச்சே இல்லை. கூண்டுக்குள் வைத்துத்தான் கொண்டுபோகலாம், இருபது கிலோ சுண்டலைக் கூண்டோடு யார் தூக்குவது? கேபிள் காரும் டூரிஸ்ட்டுகளுக்கு இருக்கட்டும். எனக்கு அது பிடித்த வண்டி, அது வேறு. தெருவுக்கு அடியில் கயிறு ஓடிக்கொண்டே இருக்கிறது, மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர், அதைக் கவ்விப் பிடித்தால் வண்டி போகும், விட்டால் நிற்கும், 1873இலிருந்து. நம்ம மெட்ராஸ் டிராமும் 1895இல் ஓட ஆரம்பித்தபோது கரண்ட் தரைக்கு அடியில்தான் வந்ததாம், அப்புறம்தான் மேலே கம்பி கட்டினார்கள். உங்கள் தாத்தா அதில் போயிருக்கிறார். 1953இல் அதை நிறுத்திவிட்டோம். அவர்கள் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நீ அங்கே இருப்பதால் அருமை தெரியவில்லை. போன மாதம் மாடி வீட்டுக்காரர் தன் நாயை வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆட்டோ பிடித்துத் தரச் சொன்னார். நாய்க்கு உடம்பு என்றால் 1903லிருந்து இந்த ஊருக்கு வேப்பேரிதானே. மெட்ரோவில் நாயை விட மாட்டார்கள். நம்ம பஸ்ஸில் கூட்டிப்போகலாம் என்று நினைக்கவே ஆள் கிடையாது. வெளியூர் ரயிலில் என்றால் ஏசி முதல் வகுப்பில் தனி கூபே எடுக்கணும், இல்லையென்றால் கார்டு பெட்டியில் இருக்கிற நாய்க்கூண்டு. ஆட்டோக்காரர்களோ தூரத்திலேயே பார்த்துவிட்டு "நாயா? வேணாம் சார்" என்று போய்க்கொண்டே இருந்தார்கள். கடைசியில் வந்த ஒருவர், ஏதோ நல்ல மனுஷர், "நம்ம வீட்லயும் ஒண்ணு இருக்கு, ஏத்துங்க" என்றார். அவர் கேட்டதைக் கொடுத்தோம். உனக்கு அங்கே ஒருவர் மனசு வைக்க வேண்டியதில்லை. ரூலில் எழுதியிருக்கிறது, டிக்கெட் எடு, ஏறு.

கால் தேறியதும் அதே 24இல் எதிர்ப்பக்கம் கார்ட்லண்டு தெரு வரைக்கும் போய், பெர்னல் மேட்டில் அவனைச் செயினை அவிழ்த்து விடு. அங்கே அவிழ்த்துவிடலாம். ஆனால் டாக்டர் சரி என்ற பிறகு.

முதல் தடவை டாக்டரிடம் போவதற்கு முன்னால் இந்தச் சனிக்கிழமை நாலு ஸ்டாப் மட்டும் சும்மா ஏறி இறங்கிப் பார். மேடு வராத பக்கமாக. வாய்க்கூடை, பாய்த்துண்டு, தண்ணீர், அவன் அசிங்கம் பண்ணினால் எடுக்கப் பை இரண்டு. சின்னக் குழந்தைகள் தொட வந்தால் "வேண்டாம், கால் வலி" என்று நீயே முந்திச் சொல்லிவிடு.

டாக்டரிடம் போகிற அன்று எந்த பஸ் என்று மெசேஜ் போடு. அங்கே காலை பத்து என்றால் இங்கே ராத்திரி பத்தரை, முழித்துத்தான் இருப்பேன். அம்மா ஒன்று எழுதச் சொன்னாள்: மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுக்காதே, தயிர்சாதத்தில் வைத்துக் கொடு, சாதத்தில் உப்பு போடாதே. போன தடவை நீ ஊறுகாயோடு கலந்து வைத்ததை அவள் இன்னும் மறக்கவில்லை.

அன்புடன்,
அப்பா