மேசை பிளந்த கதை

ஏற்காடு
மே 11

அன்புள்ள முருகேசா,

பஸ்ஸில் நீ அனுப்பின மல்கோவாப் பழமும் மேசைக் காலும் ஒரே சாக்கில் வந்து சேர்ந்தன. பழம் இன்னும் இரண்டு நாள் கிடக்கட்டும் என்றாள் சரசு. எனக்குப் பொறுக்கவில்லை, ஒன்றைத் தின்றுவிட்டேன். கோடை விழாக் கூட்டம் தொடங்கிவிட்டது. 20 கொண்டை ஊசி வளைவிலும் கார்கள்தான். இப்போதைக்கு நான் கீழே இறங்குவதாக இல்லை.

நான் செய்து கொடுத்த மேசையின் மேல்பலகை பிளந்ததற்கும் கால் கழன்றதற்கும் பசைக்காரன் ஏமாற்றினதுதான் காரணம் என்று எழுதியிருக்கிறாய். அவனை விட்டுவிடு. இரண்டுமே என் கைவேலைதான், ஆனால் இரண்டும் ஒரே தப்பு இல்லை.

மேல்பலகைப் படத்தைப் பெரிதாக்கிப் பார். விரிசல் ஒட்டின இடத்தில் இல்லை, கால் அங்குலம் தள்ளி மரத்தில்தான் ஓடுகிறது. ஒட்டு மரத்தைவிடப் பலமாக இருந்திருக்கிறது! நான் செய்த முட்டாள்தனம், இரண்டு முனையிலும் குறுக்குச் சட்டத்துக்கு முழு நீளமும் பசை தடவினது. மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, அகலவாக்கில்தான் சுருங்கும். இங்கே பனியில் ஊறிக் கிடந்த சில்வர் ஓக், உங்கள் ஏப்ரல் வெயிலில் ஈரம் வற்றிச் சுருங்கப் பார்த்தது. சட்டம் விடவில்லை. எங்கேயாவது பிளந்துதானே ஆக வேண்டும்? நடுவில் மட்டும் பசை வைத்து, ஓரங்களில் நீளத் துளை போட்டு ஸ்க்ரூ முடுக்கியிருந்தால் பலகை தன் போக்கில் நகர்ந்திருக்கும். பலகையை முதலிலேயே சேலத்துக்கு இறக்கி, உன் வீட்டுக்குள் இரண்டு மாதம் போட்டுவிட்டு அங்கேயே ஒட்டியிருந்தால் இன்னும் நல்லது.

கால் கழன்ற விஷயம் வேறு. கழுந்தை, அதான் துளைக்குள் செருகுகிற நுனியை, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். பிய்ந்த நார் ஒன்றுகூட இல்லை. சுண்ணாம்பு பூசினது போல வெள்ளைப் பொடி, நகம் பட்டால் உதிர்கிறது. அதை ஒட்டினது டிசம்பர் கடைசியில், ராத்திரி, கொட்டகையில். வெள்ளைப் பசையில் உள்ள தண்ணீரை மரம் குடித்த பிறகு, மிச்சமிருக்கும் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து படலமாக வேண்டும். 10 டிகிரியை ஒட்டின குளிரில் அது சரியாக நடக்காது. காய்ந்தது போலத்தான் தெரியும், பிடிப்பு இருக்காது. போதாததற்குக் கழுந்தையும் குட்டையாக வெட்டிவிட்டு, அதைச் சுற்றியிருக்கும் தட்டை முகமான தோள்பட்டையை நம்பினேன். அது நார்களைக் குறுக்கே அறுத்த வெட்டுமுகம், வைக்கோல் கட்டின் நுனி மாதிரி. தடவுகிற பசையை எல்லாம் உறிஞ்சிவிடும்.

அப்பா காலத்து ஆசாரி ஞாபகம் இருக்கிறதா? வச்சிரப் பசை காய்ச்சுவாரே, அவர்தான். பூசுவதற்கு முன்னால் கட்டையைத் தணலில் காட்டுவார். குளிர்காய்கிறார் என்று நாம் கேலி செய்தோம்.

ஜூனில் வருகிறேன். அதுவரை அந்த விரிசலுக்குள் பசையை ஊற்றி வைக்காதே. காய்ந்த பசைமேல் புதுப் பசை பிடிக்காது, பழையதை மரம் தெரியும்வரை இழைத்து எடுக்க வேண்டும். கிளாம்பையும் நீ தொடாதே. போன தடவை நீ முறுக்கின முறுக்கில் பசை முழுக்கத் தரைக்கு வந்துவிட்டது, பலகைக்கு மிச்சம் ஒன்றும் இல்லை.

இழைப்புளியை நான் கொண்டுவருகிறேன். பழம் இன்னும் இருந்தால் எடுத்து வை.

உன்,
சண்முகம்