எல்.கே.ஜி. சேர்க்கைக்கு நேர்முகத் தேர்வு நடத்தும் பள்ளி நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும்,

வணக்கம். சேர்க்கைக் காலம் வந்தால் போதும், உங்கள் அலுவலக வாசலில் மூன்று வயதுப் பிள்ளைகள் பவுடர் பூசி, தலை படிய வாரி, வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளே அழைத்துப் பெயர் கேட்கிறீர்கள். அட்டையைக் காட்டி நிறம் கேட்கிறீர்கள். வாய் திறக்காத பிள்ளையின் விண்ணப்பம் ஓரமாகப் போகிறது. சில பள்ளிகளில் அம்மாவை வெளியே நிறுத்திவிடுகிறார்களாம். தாய் அருகில் இருந்தால்தான் குழந்தை துணிந்து புது இடத்தை ஆராயும் என்று உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த் ஆய்வு செய்து காட்டி அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது.

பெரியவர் கேட்கும் விதமே குழந்தையின் பதிலை மாற்றிவிடும். குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் ழான் பியாஜே இரண்டு வரிசை வில்லைகளைச் சம எண்ணிக்கையில் அடுக்கி, 'இரண்டும் சமமா?' என்று கேட்பார். குழந்தை ஆம் என்னும். ஒரு வரிசையை மட்டும் அகலப் பரப்பிவிட்டு மறுபடி கேட்டால், நீளமான வரிசையில்தான் அதிகம் என்று சொல்லிவிடும். ஏழு வயதுக்குள் எண்ணிக்கை மாறாமையைக் குழந்தைகள் உணர்வதில்லை என்று அவர் முடிவு கட்டினார். 1970களில் ஸ்காட்லாந்தில் மெக்காரிகிள், மார்கரெட் டொனால்ட்சன் என்ற ஆய்வாளர்கள் அதே சோதனையில் சிறு மாற்றம் செய்தார்கள். பெரியவருக்குப் பதில் ஒரு குறும்புக்காரக் கரடிப் பொம்மை வந்து வரிசையைக் கலைத்தது. நான்கிலிருந்து ஆறு வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இப்போது 'சமம்தான்' என்றார்கள்! பெரியவர் வேண்டுமென்றே மாற்றிவிட்டு மறுபடி கேட்டால், வேறு பதிலை எதிர்பார்க்கிறார் என்றல்லவா பிள்ளை நினைக்கும்?

உங்கள் அறையிலும் இதுவே நடக்கிறது. சிவப்பு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, தெரிந்த நிறத்தையே ஏன் இவர் கேட்கிறார் என்று பிள்ளை விழிக்கிறது. வீட்டில் சிவப்பு வாளியை எடுத்து வா என்றால் தயங்காமல் தூக்கி வரும் பிள்ளைதான் அது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ தேர்வுக்கு உட்படுத்தக் கூடாது என்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம். அந்தச் சட்டத்தில் குழந்தை என்றால் ஆறு முதல் பதினான்கு வயது வரைதான், எல்.கே.ஜி. அதில் வராது என்று உங்கள் வழக்கறிஞர் சொல்லக்கூடும். ஆறு வயதுப் பிள்ளைக்கே கூடாத ஒன்றை மூன்று வயதுப் பிள்ளைக்குச் செய்ய அது நல்ல சாக்குதான்.

இடம் குறைவென்றால் பெற்றோர் முன்னிலையில் குலுக்கல் நடத்துங்கள். வீட்டிலும் பேசாத, அழைத்தால் திரும்பாத பிள்ளை என்று தெரிந்தால், சேர்த்துக்கொண்டு, காது கேட்கிறதா என்பதிலிருந்து தொடங்கி மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்குத்தான் பள்ளி மிகவும் தேவை. அடுத்த சேர்க்கை அறிவிப்பில், 'பிறப்புச் சான்றிதழ் போதும், குழந்தையை அழைத்து வர வேண்டியதில்லை' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மழலையர் வகுப்பு ஆசிரியை