குறைமாதப் பிள்ளைகளின் சிறுநீரகம்: 8ஆம் தேதி பேச்சு

அனைவருக்கும் வணக்கம். 8ஆம் தேதி ஞாயிறு மாலை 5 மணிக்கு, ஜூமில், குழந்தைகள் சிறுநீரக மருத்துவர் ஒருவர் நம்மோடு பேசுகிறார்.

சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் நெஃப்ரான்கள் கருவில் 36 வாரம் வாக்கில்தான் உருவாகி முடியும். முன்கூட்டியே பிறந்தால் எண்ணிக்கை குறையலாம். பின்னாளில் ரத்த அழுத்தம் அதிகரிக்க இது ஒரு காரணமாகலாம் என்று பாஸ்டன் ஆய்வாளர் பாரி பிரென்னர் 1988இலேயே சொன்னார். பயமுறுத்த அல்ல, கவனிக்கத்தான்.

1. பிறந்த வாரம், எடை உள்ள டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்து வையுங்கள்.
2. பிள்ளைக்கு எப்போதாவது பிரஷர் பார்த்தீர்களா? (நான் பார்த்ததில்லை!)
3. கொடுக்கும் மருந்துகளைக் குறித்து வையுங்கள், முக்கியமாகக் காய்ச்சலுக்கும் வலிக்கும் தரும் இபுப்ரோஃபென்.
4. ரிப்போர்ட் படங்களைக் குழுவில் போட வேண்டாம்.
5. வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் 'சரி' என்று பதில் போடுங்கள். அப்புறம் லிங்க் அனுப்புகிறேன்.