அறிவியல் வாசகர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, மன்ற உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சந்தா, வரவு செலவு விவரங்களைப் பொருளாளர் வாசிப்பார். நாம் படித்ததைப் பற்றி நான் சொல்கிறேன்.

மாதக் கூட்டங்களில் பெரும்பாலானவற்றை இந்த ஆண்டு ஒரே தலைப்புக்குக் கொடுத்தோம்: கார்பன் கூண்டுக்குள் (கார்பன் அணுக்கள் கூண்டுபோல இணைந்த மூலக்கூறுக்குள்) சிக்கிய உலோக அணுக்களை எலக்ட்ரான் தற்சுழற்சி ஒத்ததிர்வு, அதாவது இ.எஸ்.ஆர்., மூலம் ஆராய்வது. காந்தப்புலத்தில் வைத்த பொருளில் ஜோடியில்லாமல் தனித்திருக்கும் எலக்ட்ரான் நுண்ணலையை உறிஞ்சுவதைப் பதிவு செய்யும் முறை இது; அந்தப் பதிவுதான் நிறமாலை, உறிஞ்சல் அதில் கோடுகளாகத் தெரியும். இவ்வளவு நுணுக்கமான விஷயம் நமக்கு எதற்கு என்று செயற்குழுவில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வெறும் கோடுகளை எண்ணியே கூண்டுக்குள் எத்தனை அணு என்று சொல்லிவிடலாம்; பள்ளிப் பிள்ளைகளும் செய்து பார்க்கலாம். அதனால்தான் எடுத்தோம்.

அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் ரிச்சர்ட் ஸ்மாலியின் குழுவினர் 1991-ல் 82 கார்பன் கொண்ட கூண்டுக்குள் லாந்தனம் அணுவை அடைத்து, டொலுயீன் என்ற கரைப்பானில் கரைத்தும் எடுத்தார்கள். அடுத்த ஆண்டே கலிஃபோர்னியாவிலுள்ள ஐ.பி.எம். ஆல்மடென் ஆய்வகம் அதன் நிறமாலையைப் பதிவு செய்தது. சம இடைவெளியில் 8 கோடுகள். அணுக்கருவும் ஒரு சிறு காந்தம் போல இருந்து கோட்டைப் பிரிக்கிறது; எத்தனையாகப் பிரியும் என்பதை அதன் தற்சுழற்சி என்ற எண் சொல்லும். லாந்தனம் அணுக்கருவின் தற்சுழற்சி 7/2. இரட்டித்து ஒன்று கூட்டினால் 8. சரி, உள்ளே ஓர் அணுதான். ஆனால் கோடுகளுக்கு நடுவே இருந்த இடைவெளி சுமார் 1.15 காஸ் (காந்தப்புலத்தின் அலகு) மட்டுமே. தனித்த எலக்ட்ரான் உலோகத்தின் மேலேயே இருந்திருந்தால் இது பல மடங்கு பெரிதாக இருந்திருக்கும். லாந்தனம் மூன்று எலக்ட்ரான்களைக் கூண்டுக்குக் கொடுத்துவிட்டது, தனித்த எலக்ட்ரான் உலவுவது கூண்டின் மேல்தான் என்ற முடிவுக்கு வந்தார்கள். இவ்வளவு சிறிய எண்ணிலிருந்து இவ்வளவு பெரிய செய்தி! இந்த ஆண்டு நான் கற்றதில் என் மனதுக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அப்புறம் ஸ்காண்டியம். இதற்கும் தற்சுழற்சி 7/2. ஒரே கூண்டில் மூன்று ஸ்காண்டியம் அணுக்கள் ஒன்றுக்கொன்று சமமான இடங்களில் இருந்தால், மூன்று ஏழுகளோடு ஒன்று கூட்டி, 22 கோடுகள் வரவேண்டும்; 1992-ல் எடுத்த நிறமாலையில் அப்படியே வந்தன. கூட்டத்தில் மாணவர்களைக் கையாலேயே கணக்குப் போடச் சொன்னோம். ஓரக் கோட்டின் உயரம் 1 என்றால் அடுத்தது 3, அதற்கடுத்தது 6, நடுவில் 48. ஓரத்துக் கோடுகள் இரைச்சலில் எளிதாக மறைந்துவிடும் என்பது அப்போது தானாகவே புரிந்தது. யிட்ரியம் என்ற உலோகத்தின் தற்சுழற்சி 1/2, அதனால் ஓர் அணுவுக்கு இரண்டே கோடுகள், அதில் யாருக்கும் சிரமமில்லை.

உலோகம் உள்ளேதான் இருக்கிறதா என்ற சந்தேகத்தை 1995-ல் நகோயா பல்கலைக்கழகத்தினர் பங்கேற்ற எக்ஸ் கதிர் ஆய்வு தீர்த்தது. அதற்கு ஒரு கூட்டம் போதவில்லை. வரும் ஆண்டில் தொடர வேண்டும். இ.எஸ்.ஆர். கருவி இயங்குவதை நேரில் காட்ட முடியாதது பெரிய குறை. அதற்கு அனுமதி பெறும் பொறுப்பைப் புதிய செயற்குழு ஏற்க வேண்டும்.

இடம் தந்த நூலகத்தாருக்கும், நிறமாலைகளைப் பெரிதாக அச்சிட்டுத் தந்த உறுப்பினர்களுக்கும் நன்றி. அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்