ரேங்க் கார்டில் தெரியாத கணக்குத் தடுமாற்றம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வு முடிந்து ரேங்க் கார்டு வீட்டுக்கு வரும் நேரம் இது. கணக்கில் 42 என்று பார்த்ததும் "கவனக்குறைவு" என்றோ, "எங்க பரம்பரைக்கே கணக்கு வராது" என்றோ சொல்லிப் பெற்றோர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். 78 வாங்கிய பிள்ளையைப் பற்றி அந்தப் பேச்சும் இல்லை. ஆனால் மூன்றாம் வகுப்பு வரை விரல்விட்டு எண்ணியும், மாதிரிக் கணக்கை மனப்பாடம் செய்தும் 78 வாங்கிவிடலாம். நான்காம் வகுப்பில் பெரிய வகுத்தலும் பின்னமும் வரும்போதுதான் வண்டி நிற்கும். தொடக்கப் பள்ளியில் கணக்கு நடத்துகிறவர்கள் என்ற முறையில் பெற்றோரிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். மதிப்பெண்ணை ஓரமாக வைத்துவிட்டு, பிள்ளை விடையை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

முதலில் விரல். 2-ம் 9-ம் எத்தனை என்று கேளுங்கள். ஒன்றிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் எண்ணினால் அது முதல் படி. ஒன்பதை மனதில் வைத்து "பத்து, பதினொன்று" என்றால் அடுத்த படி. 8-ம் 5-ம் கேட்டால், ஐந்திலிருந்து இரண்டை எடுத்துப் பத்தாக்கி, மீதி மூன்றைச் சேர்ப்பது அதற்கும் மேல். இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் நடுப்படிக்காவது வந்திருக்க வேண்டும். மூன்றாம் வகுப்பு முடியும்போதும் ஒன்றிலிருந்தே எண்ணுகிற பிள்ளைக்குக் கூடுதல் உதவி தேவை. விரல்விட்டு எண்ணுவதே குற்றம் என்று கையில் அடிப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அடித்தால் விரல் மேசைக்கு அடியில் போகும், அவ்வளவுதான். எண்ணும் முறை மாறாது.

அடுத்தது கடன் வாங்கிக் கழித்தல். 52-லிருந்து 27 போனால் 35 என்று எழுதும் பிள்ளையைக் கவனித்துப் பாருங்கள். 2-லிருந்து 7 போகாது, அதனால் 7-லிருந்து 2-ஐக் கழித்துவிடுகிறது. ஒவ்வொரு வரிசையிலும் பெரியதிலிருந்து சின்னதை எடுப்பது அதன் விதி. 61-லிருந்து 38, 84-லிருந்து 46 என்று இன்னும் இரண்டு கணக்கு கொடுங்கள். 37, 42 என்று வந்தால் அது கவனக்குறைவே இல்லை. தவறான விதியை ஒழுங்காகப் பின்பற்றுகிறது. ஒன்று சரியாகவும் ஒன்று தவறாகவும் வந்தால் மட்டுமே கவனக்குறைவு என்று சந்தேகப்படலாம். 503-லிருந்து 268-ஐக் கழிக்கச் சொன்னால் நடுவில் உள்ள பூச்சியம் இன்னும் பலரைக் காட்டிக்கொடுக்கும்.

இந்தக் குழப்பத்தின் வேர் இடமதிப்பில் இருக்கிறது. "நூற்றைந்து" என்று சொல்லி எழுதச் சொன்னால் 1005 என்று எழுதுகிற பிள்ளை, காதில் விழுந்தபடி நூறை எழுதி ஐந்தை ஒட்டியிருக்கிறது. நம் மொழியில் ஒரு தனிச் சிக்கலும் உண்டு. தொண்ணூறு என்ற பெயரில் நூறு ஒலிக்கிறது, தொள்ளாயிரத்தில் ஆயிரம் ஒலிக்கிறது. 90 எழுதச் சொன்னால் 900 எழுதும் இரண்டாம் வகுப்புப் பிள்ளையைத் திட்டாதீர்கள், அந்த இரண்டு பெயர்களையும் தனியாகச் சொல்லிக்கொடுங்கள். ஆங்கில வழிப் பிள்ளைக்கு வேறு சிக்கல். 'ஃபோர்டீன்' என்றால் நான்கு முதலில் கேட்கிறது, அதனால் 41 என்று எழுதுகிறது. அதே பிள்ளையிடம் "பதினான்கு" என்று சொல்லிப் பாருங்கள். 14 என்று எழுதினால் தடுமாற்றம் மொழியில்தான், கணக்கில் இல்லை. வாக்கியக் கணக்கையும் இப்படித் தமிழில் வாசித்துக் காட்டிச் சோதிக்கலாம். கேட்டதும் போட்டுவிட்டால் வாசிப்பில் உதவி தேவை.

வாக்கியக் கணக்கில் எங்கள் பங்குத் தவறும் இருக்கிறது. "மொத்தம் வந்தா கூட்டு, மீதி வந்தா கழி" என்று வகுப்பில் குறுக்குவழி சொல்லிவிடுகிறோம். "கண்ணனிடம் 12 கோலி இருக்கிறது. அது முருகனிடம் இருப்பதைவிட 5 அதிகம். முருகனிடம் எத்தனை?" என்றால் 'அதிகம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு 17 என்று விடை வருகிறது. படம் வரையச் சொன்னால் சில பிள்ளைகள் தாமாகவே திருத்திக்கொள்ளும். திருத்திக்கொள்ளாத பிள்ளைக்கு ஒப்பிடுவதே இன்னும் பிடிபடவில்லை.

வாய்ப்பாடு ஒப்பிப்பதைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். ஏழாம் வாய்ப்பாட்டைப் பாட்டாகச் சொல்லும் பிள்ளையிடம் ஏழெட்டு எத்தனை என்று திடீரென்று கேளுங்கள். ஓரேழிலிருந்து ஏறி வந்தால் பாட்டுதான் தெரியும். ஏழைந்து 35, இன்னும் மூன்று ஏழு 21, ஆக 56 என்று போகத் தெரிந்தால் கவலையில்லை.

தடுமாற்றம் தெரிந்ததும் டியூஷனில் சேர்ப்பது வழக்கம். அங்கே இன்றைய பாடத்தையே மறுபடி நடத்துவார்கள். ஓட்டையோ இரண்டு வகுப்புக்குக் கீழே இருக்கும். அபாகஸ் வகுப்பும் இதற்கு மருந்தாகாது என்பது எங்கள் கருத்து. மணி நகர்த்தும் வேகம் கூடும், கடன் வாங்குவது என்றால் என்ன என்று புரியாது. அதைவிட, நான்காம் வகுப்புப் பிள்ளையானாலும் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தை எடுங்கள். பத்துக் கணக்கில் எட்டு தயங்காமல் வரும் இடம் எதுவோ அங்கிருந்து தொடங்குங்கள். நாளுக்கு 15 நிமிடம், வாரம் ஐந்து நாள் போதும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார வைப்பது வீண்.

கழித்தலுக்கு ஈர்க்குச்சியைவிட நல்ல கருவி இல்லை. பத்துப் பத்தாக ரப்பர் பேண்டில் கட்டுங்கள். 52 என்றால் ஐந்து கட்டு, இரண்டு குச்சி. அதில் ஏழு குச்சி எடுக்க முடியாது. ஒரு கட்டைப் பிரித்தால் நான்கு கட்டு, பன்னிரண்டு குச்சி. ஏழும் இரண்டு கட்டும் எடுத்தால் மிச்சம் இரண்டு கட்டு, ஐந்து குச்சி. கட்டைப் பிரிக்கும் அதே நேரத்தில் நோட்டில் 5-ஐ அடித்து 4 போட வேண்டும். குச்சியில் எல்லாம் செய்து முடித்துவிட்டு அப்புறம் நோட்டைத் திறந்தால் இரண்டும் வேறு வேறு வேலையாகவே பிள்ளைக்குத் தெரியும். பெரும்பாலான வீடுகளில் பயிற்சி தோற்பது இங்கேதான். இரண்டே நாளில் குச்சியைத் தூக்கி வைத்துவிடுவதும் இன்னொரு காரணம். எண்கள் வரிசை தப்பி விழுந்தால் கட்டம் போட்ட நோட்டு வாங்கிக்கொடுங்கள், கண்ணையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்.

எட்டு வாரம் இப்படி விடாமல் செய்தும் நகரவில்லையா? எட்டு வயதிலும் 6, 9 இரண்டில் எது பெரியது என்று எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறதா? நான்கு புளியங்கொட்டையைக்கூட ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுகிறதா? நேற்று வந்தது இன்று அடியோடு மறந்துபோகிறதா? இவற்றில் பல சேர்ந்து தெரிந்தால் டிஸ்கால்குலியா எனப்படும் கற்றல் குறைபாடா என்று பார்க்க வேண்டும். அறிவுக் கூர்மைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதையும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளில் ஒன்றாகச் சொல்கிறது. 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், சான்றிதழ் எட்டு வயது முதல் கிடைக்கும் என்றது. 14, 18 வயதில் மறு மதிப்பீடு வேண்டும் என்றும் அது சொன்னது. ஆகவே மூன்றாம் வகுப்பில் "வயசு வந்தா சரியாயிடும்" என்று தள்ளிப்போடக் கூடாது. பள்ளிக்கு வரும் சிறார் நலத்திட்ட மருத்துவக் குழு, மாவட்ட இடையீட்டு சேவை மையம், வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் ஆகியோரை அரசுப் பள்ளிப் பெற்றோர் தலைமையாசிரியர் வழியே அணுகலாம்.

அரசுப் பள்ளிகளில் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல் தொடங்கியபின் பிள்ளையின் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு (அடி நிலை), மொட்டு, மலர் என்று பிரித்துப் பாடம் நடக்கிறது. "என் பிள்ளை அரும்பா?" என்று கோபித்துக்கொள்ளும் பெற்றோர், எந்தத் திறனில் நின்றுபோனதால் அரும்பில் இருக்கிறது என்று கேட்டால் ஆசிரியர் சொல்வார். தனியார் பள்ளியிலும் "எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்காமல் "எந்தக் கணக்கில் நிற்கிறான்?" என்று கேளுங்கள். பெற்றோர் கூட்டத்துக்கு வரும்போது கணக்கு நோட்டைக் கையோடு கொண்டுவாருங்கள், தவறான விடைகளை ரப்பரால் அழிக்காமல்.

இப்படிக்கு,
தொடக்கப் பள்ளிக் கணக்கு ஆசிரியர்கள் சிலர்,
தஞ்சாவூர்.