எலும்புக்குள் வைக்கும் பொடி பற்றி, மலருக்கு

அன்புள்ள மலருக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். ஞாயிற்றுக்கிழமை போனில் பாதிதான் பேச முடிந்தது, மீதியை எழுதுகிறேன். பிராஜெக்ட்டுக்கு எலும்பு நிரப்பும் செராமிக்கை எடுத்திருக்கிறாய் என்று கேட்டதிலிருந்து எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. நீ கிண்டியில் செராமிக் டெக்னாலஜியில் சேர்ந்தபோது, டைல்ஸ் கம்பெனிக்குப் போகவா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். இப்போது நீ செய்யப்போகும் பொருள் நான் நிற்கிற ஆபரேஷன் மேசைக்கு வந்து சேரும் பொருள்.

அதை எப்படி வைப்பீர்கள் என்று கேட்டாயே. முட்டிக்குக் கீழே எலும்பில் கட்டி என்று வைத்துக்கொள். சர்ஜன் கியூரெட் என்ற கரண்டி போன்ற கருவியால் சுரண்டி எடுத்தபின் உள்ளே ஒரு குழி இருக்கும். பெரிய குழியை அப்படியே விட்டால் எலும்பு முறிந்துவிடலாம். முன்பு எப்போதும் இடுப்பெலும்பின் விளிம்பைத் திறந்து, உளியால் எலும்பு வெட்டியெடுத்து அந்தக் குழியில் அடைப்பார்கள். இன்றைக்கும் அதைவிடச் சிறந்தது இல்லை என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள். சொந்த எலும்பு, உயிருள்ள செல்களோடு போகிறது. ஆனால் மறுநாள் வார்டில் போய், கால் எப்படி இருக்கிறது என்று கேட்டால், "கால் பரவாயில்ல சிஸ்டர், இடுப்புதான் உயிர் போகுது" என்பார்கள். நோய் காலில், வலி இடுப்பில். சின்னப் பிள்ளைகளுக்கு இடுப்பில் எடுக்கவும் போதுமான எலும்பு இருக்காது. அந்த இரண்டாவது காயத்தை இல்லாமல் ஆக்கத்தான் உன் பொருள் வேண்டும். எனக்கு இதுதான் முதல் காரணம், மற்றதெல்லாம் அப்புறம்.

இப்போது அந்தச் செராமிக் குருணையாக ஸ்டெரைல் குப்பியில் வருகிறது. ஸ்டீல் கிண்ணத்தில் கொட்டி, நோயாளியின் ரத்தத்தையே கொஞ்சம் விட்டுக் கலந்து வைப்பேன். சில நிமிடத்தில் ரத்தம் உறைந்து குருணைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்போதுதான் அள்ளிக் குழிக்குள் அடைக்க முடியும். காய்ந்தபடி கொட்டினால் சிதறும். உள்ளே ரத்தம் ஊறிக்கொண்டே இருந்தால் வைத்தது வெளியே மிதந்து வரும். உன் லேபில் அழுத்தத்தைத் தாங்கும் வலிமையைத்தான் முதலில் அளப்பார்கள். ஈரக் கையுறையோடு அள்ள முடிகிறதா, ரத்தத்தில் கரைந்து ஓடுகிறதா என்பதையும் நீ அளந்து பார்.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கதை லாரி ஹென்ச்சுடையது. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் கண்ணாடி, செராமிக் ஆராய்ச்சி செய்தவர். 1967-ல் ஒரு மாநாட்டுக்குப் பஸ்ஸில் போகும்போது பக்கத்தில் இருந்தவர் வியட்நாமிலிருந்து திரும்பிய ராணுவ கர்னல். உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் உடம்பு ஏற்க மறுக்கிறது, கைகால்களை வெட்டி எடுக்க வேண்டியிருக்கிறது, உடம்பு ஏற்றுக்கொள்ளும் பொருள் ஒன்றைச் செய்ய முடியாதா என்று அவர் ஹென்ச்சிடம் கேட்டார். 1969-ல் ஹென்ச் குழு ஒரு கண்ணாடியைச் செய்தது. சிலிக்கா 45 சதவீதம், சோடியம் ஆக்சைடும் கால்சியம் ஆக்சைடும் தலா 24.5 சதவீதம், பாஸ்பரஸ் பெண்டாக்சைடு 6 சதவீதம். எலியின் தொடை எலும்பில் வைத்து ஆறு வாரம் கழித்து எடுக்கப் பார்த்தால், அது எலும்பை விட்டு வரவே இல்லை. அதுதான் 45எஸ்5 பயோகிளாஸ். உடல்நீர் பட்டதும் சோடியம் வெளியேறி, மேற்பரப்பில் சிலிக்கா களிபோல் படிகிறது. அதன்மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து எலும்பின் தாதுவைப் போலவே ஒரு படலம் ஆகிறது. எலும்பு அதைத் தன்னுடையதாக எண்ணிப் பற்றிக்கொள்கிறது. ஒரு கர்னல் கேட்டார், ஒருவர் காதுகொடுத்தார். நீயும் கேட்பவர்கள் பக்கத்தில் உட்கார வேண்டும் என்றுதான் இவ்வளவு எழுதுகிறேன்.

நீ சொன்ன ஹைட்ராக்ஸிஅபடைட் எலும்பின் தாதுவுக்கு நெருங்கிய உறவு, உடம்புக்கு ஒத்துப்போகும். ஆனால் சுட்டெடுத்தபின் லேசில் கரையாது. வருடங்கள் கழித்து வரும் எக்ஸ்ரேயிலும் வெள்ளைத் திட்டாக நிற்கும். பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட் என்ற இன்னொரு செராமிக் அதைவிட வேகமாகக் கரையும். புது எலும்பு வளர்வதற்குள் கரைந்துவிட்டால் மறுபடி குழிதான். அதனால்தான் இரண்டையும் கலந்து செய்கிறார்கள். எவ்வளவு வேகத்தில் கரைய வேண்டும் என்பது எனக்கு வலிமையைவிடப் பெரிய கேள்வியாகப் படுகிறது. வலிமைக்கு எப்படியும் பிளேட்டும் ஸ்க்ரூவும் போடுவோம், செராமிக் நொறுங்கும் சாதிதானே. துளைகளை மறந்துவிடாதே. நூறு மைக்ரானுக்கு, அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருந்து, ஒன்றோடொன்று திறந்திருந்தால்தான் ரத்தக்குழாய் நுழையும், எலும்பும் வளரும்.

இன்னொன்று, எலும்புக்குள் சீழ் பிடிப்பது. சர்க்கரை நோயாளிகளின் காலில் இதைப் பார்த்துப் பார்த்து மனசு நொந்திருக்கிறேன். எலும்பு சிமென்ட்டில் ஆன்டிபயாடிக் கலந்த மணிகளை வைத்தால், சில வாரம் கழித்து எடுக்க இன்னொரு ஆபரேஷன். ஃபின்லாந்தில் உருவான எஸ்53பி4 என்ற கண்ணாடி, சுற்றிலும் காரத்தன்மையைக் கூட்டிக் கிருமி வளராமல் தடுக்கிறது. வைத்ததை எடுக்க வேண்டியதில்லை. பிராஜெக்ட்டில் இடம் இருந்தால் இந்தப் பக்கமும் பார், தாயி.

விலையையும் மனசில் வை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் ஹைட்ராக்ஸிஅபடைட்டையும் பயோகிளாஸையும் சேர்த்து எலும்பு நிரப்பி செய்திருக்கிறார்கள். நம் ஊர்க்காரர்கள் செய்ததை முதலில் படி. எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் வெளிநாட்டுக் குப்பியின் விலையைக் கேட்டுவிட்டு, "இடுப்பிலேயே எடுத்துருங்க டாக்டர்" என்று சொல்லும் அப்பாக்கள் உண்டு.

தீபாவளிக்கு ஒரு நாள் முன்னதாகவே கிளம்பி வா. எங்கள் எலும்பு டாக்டர் உன்னோடு அரைமணி நேரம் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார், கேள்விகளை எழுதிக்கொண்டு வா. ஸ்டோரில் காலாவதியான குப்பி ஒன்று கிடக்கிறது. முறைப்படி கேட்டு வாங்கி வைக்கிறேன், கொண்டுபோய் மைக்ராஸ்கோப்பில் வைத்துத் துளைகளைப் பார்.

அன்புடன்,
அம்மா