ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்லேர்ந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

உன் லெட்டர் கெடச்சுது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு படிச்சப்புறம்தான் சோறே எறங்குச்சு. நான் நல்லா இருக்கேன். ஆஸ்திரேலியப் பாலைவனம்னா சூடுன்னு நெனைக்காத, இப்ப ஜூலை, இங்க குளிர்காலம், ராத்திரி ஜீரோவுக்குக் கீழ போகுது, தொட்டியில வெச்ச கருவேப்பிலை பனியில கருகிடுச்சு, அது இல்லாத ரசம் ரசமாவே இல்ல. காரைக் குடுத்துட்டேன், நான் வேலை பாக்கற முதியோர் இல்லம் நடக்கற தூரந்தான், ஓவர்டைமும் நானே கேட்டு வாங்கிக்கறேன், வீட்ல சும்மா உக்காந்து என்ன பண்றது.

பக்கத்து வீட்டுப் பாட்டி இந்தக் குளிர்லயும் வாசல்ல கட்டில் போட்டு வானத்தப் பாத்துட்டேதான் தூங்கறாங்க. அவங்கதான் எமிலி காமே கிங்வாரேன்னு ஒரு ஓவியரைப் பத்தின புக் குடுத்தாங்க. இங்கேர்ந்து வடகிழக்க இருநூறு கிலோமீட்டருக்கு மேல போனா யூட்டோபியா, அங்க அல்ஹல்கெரங்கற எடம் எமிலியோட பூர்வீகம், அன்மாட்டியர்ங்கற பழங்குடி சனம். வெள்ளைக்காரங்க அந்த மண்ணுல மாட்டுப் பண்ணை வெச்சு, அந்த சனங்களையே அதுல வேலைக்கு வெச்சுட்டாங்க, எமிலியும் பண்ணை வேலை பாத்தவங்கதான். அப்புறம் அந்த சனங்க வழக்கு நடத்தி 1980 வாக்குல நிலத்தத் திரும்ப வாங்கிட்டாங்க.

எமிலி 1977லேர்ந்து பாட்டிக்ங்கற சாயத் துணி பண்ணிட்டிருந்தவங்க, மெழுகு ஊத்தி சாயத்துல தோய்ச்சு திரும்பத் திரும்பக் கொதிக்க வைக்கற வேலை, வயசான கண்ணுக்கும் கைக்கும் முடியல, அதனால 1988 கடைசியில கேன்வாசுக்கு மாறினாங்க. அப்ப வயசு எண்பதுக்குப் பக்கம்க்கா! தரையில உக்காந்து வரைவாங்க. 1996ல இதே ஊர்ல கண்ண மூடறதுக்குள்ள சுமார் 3000 படம். வந்த காசு சொந்தக்காரங்க எல்லாருக்கும் போயிடும். அவங்க போனப்புறம், 2007ல, ஒரு படம் பத்து லட்சம் டாலருக்கு மேல வித்துச்சு.

வரைஞ்சது அத்தனையும் அந்த அல்ஹல்கெரங்கற ஒரு ஊரத்தான். அங்க மண்ணுக்கடியில ஒரு கிழங்கு வெளையும், காமேங்கற பேரே அதோட விதைதான். கிழங்கு பருத்தா மேல மண்ணு வெடிக்கும், நம்ம மேலவயல் சித்திரையில வெடிச்சுக் கெடக்குமே அப்படி. 1995ல எட்டு மீட்டர் அகலத்துக்குக் கறுப்புத் துணியில வெள்ளைக் கோடா அந்தக் கிழங்கு வேரையே ரெண்டு நாள்ல போட்டுட்டாங்க. புக்ல அந்தப் பக்கத்தப் பாத்துட்டே இருந்தேன், எனக்கு வாய்க்கா தண்ணி சத்தமும் அப்பா வரப்புல நடக்கறதும் அப்படியே வந்துடுச்சுக்கா, அழுதுட்டேன். இத அம்மாகிட்ட சொல்லாத.

அதனாலதான் சொல்றேன், மேலவயல விக்கலாம்னு சித்தப்பா சொல்றதா எழுதியிருக்கியே, வேணாம். பிளாட் போடறவன் அட்வான்ஸ் குடுத்தா வாங்க விடாத. தம்பி எதுலயும் கையெழுத்துப் போட வேணாம்னு சொல்லு. பட்டா இன்னும் தாத்தா பேர்லயே இருக்கான்னு விஏஓகிட்ட கேளு, வில்லங்கமும் போட்டுப் பாத்துடு. ஆபரேஷனுக்கு வாங்கின கடன நான் அடைக்கறேன், இந்த மாசம் கொஞ்சம் கொறைச்சுதான் வரும், அடுத்த மாசம் சேத்து அனுப்பிடறேன். பெரிய மாமாவக் கூட்டி வெச்சுப் பேசு, அவர் சொன்னா சித்தப்பா கேப்பார். என்ன முடிவாச்சுன்னு லெட்டருக்குக் காத்திருக்காம ஞாயித்துக்கெழம ஒரு போன் போடு.

உன் தங்கச்சி